10க்கு 9 அடி அறைக்கு எந்த அளவு டைனிங் டேபிள் சரிவரும்?

எல்லோருக்கும் வணக்கம். டைனிங் டேபிள் வாங்கலாம் என்று இருக்கிறோம், அளவில்தான் குழப்பம். வீட்டில் நான்கு பேர். விருந்தினர் வந்தால் ஆறேழு பேர் ஆகிவிடும்.

முழங்கை இடிக்காமல் சாப்பிட ஒருவருக்கு 2 அடி அகலம், நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்க டேபிளைச் சுற்றி 3 அடி என்பது பொதுவான கணக்கு. 5க்கு 3 அடி டேபிளை நடுவில் போட்டால் நீளப் பக்கங்களில் 3 அடி சரியாகக் கிடைக்கிறது. இரு முனைகளில் இரண்டரை அடிதான் மிஞ்சும். அதில் ஒரு முனைதான் சமையலறைக்குப் போகும் வழி! 6 அடி டேபிள் என்றால் இன்னும் நெருக்கடி.

ஒரு முனையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஆள் வரும்போது மட்டும் இழுத்துக்கொள்வது நடைமுறையில் சரிப்படுமா? மடக்கி விரிக்கும் டேபிள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: நாளாக ஆக இணைப்பு ஆட்டம் கொடுக்கிறதா? 4 அடி வட்ட டேபிளும் மனதில் இருக்கிறது. நடுவில் ஒற்றைக்கால் என்றால் கூடுதலாக ஒரு நாற்காலி போடலாம், ஆனால் ஓரத்தில் சாய்ந்தால் ஆடுமோ என்று பயம். அப்புறம், ஒரு பக்கம் பெஞ்சு போட்டவர்கள் யாராவது உண்டா? பெரியவர்களுக்கு முதுகு சாய்க்க முடியாதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?