1.3 டன் பிக்கப்பின் முன்சக்கர பிரேக்கைப் பெரிதாக்கலாமா?

கேரட்லோடு:
கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் இறக்குகிறேன். வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1.3 டன் பிக்கப், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். லோடோடு பாதி மலை இறங்கியதும் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. பம்ப் செய்தால்தான் பிடிக்கிறது. ஓரங்கட்டி ஆறவிட்டால் பழையபடி ஆகிவிடுகிறது. ஒரு எஸ்யூவியின் பெரிய டிஸ்க்கும், பேட் கட்டைகளால் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் காலிப்பரும் போட்டுத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். போடலாமா?

பட்டறை_மணி:
வேண்டாங்க. நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. பெடல் கல்லாட்டம் நின்று, வண்டி நிற்காமல் போனால் பேட் சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டது என்று அர்த்தம். உங்களுக்குப் பெடலே உள்ளே போகிறது. அப்படியென்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 தரத்துப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறினால் 140-இலேயே கொதிக்கலாம். முந்தைய ஓனர் எப்போது மாற்றினாரோ! பழையதை முழுக்க வெளியேற்றி, இன்னும் சூடு தாங்கும் டாட் 4 ஊற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுங்கள் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்).

மலைவண்டி:
மணி அண்ணே, ஆயில் கொதித்தது சரி. எதனால் கொதித்தது? சின்ன டிஸ்க் சூட்டைத் தாங்கவில்லை. லோடோடு 3 டன் வண்டி சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்கினால் 44 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கரண்ட் பில் கணக்கில் 12 யூனிட். பெரிய லாரிக்கு, எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, நம் பிக்கப்புக்கு இல்லை. டீசல் எஞ்சின் என்பதால் காலை எடுத்தாலும் பெட்ரோல் வண்டி அளவுக்கு இழுத்துப் பிடிக்காது. உள்ளே காற்றோட்டம் உள்ள பெரிய டிஸ்க் போட்டால் சூடு மெதுவாக ஏறும், சீக்கிரம் ஆறும். இதில் என்ன தப்பு?

பட்டறை_மணி:
தம்பி, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து 16 கிலோ என்று வைத்தால், 44 மெகாஜூலும் அதிலேயே தேங்கினால் 6,000 டிகிரி வருகிறது. 20 கிலோவாக்கினால் 4,800. இரண்டிலும் இரும்பு உருகி ஓடிவிடும்! நிஜத்தில் பெரும்பகுதியை எஞ்சினும் காற்றும்தான் வாங்கிக்கொள்கின்றன. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதற்குத்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களுக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் காலிப்பர். அதற்குள் பேட்டைத் தள்ளும் 54 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 60 போட்டால் பரப்பு 23 சதவீதம் கூடும். பேட் அதே அளவு நகர அவ்வளவு அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். எதற்குப் பயந்து மாற்றுகிறாரோ அதுவே கூடும். காலி வண்டியில், ஈர ரோட்டில் முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது.

மலைவண்டி:
மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றினால்?

பட்டறை_மணி:
அப்போது ரிம்மும் மாறும். 15 இஞ்ச் ரிம்முக்குள் பெரிய காலிப்பர் அடங்குமா என்று அளந்து பார்த்தீர்களா? டயர் மாறினால் லோடு தாங்கும் அளவையும் பார்க்க வேண்டும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது, வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வந்து நிற்கும். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் கேட்பார்.

மலைவண்டி:
சட்டத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் மலை இறங்கும் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த பிரேக்கே போதும் என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சமவெளியில் ஓடும் வண்டிக்கும் அதே டிஸ்க்தானே கொடுக்கிறார்கள்?

கேரட்லோடு:
நேற்று வீலைக் கழற்றிப் பார்த்தேன். ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. இடது பக்கம் காலிப்பர் நகர உதவும் கம்பி (pin) துருவேறி நகரவே இல்லை; உள் பேட் தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளி பேட் பாதிக்கு மேல் மிச்சம்.

பட்டறை_மணி:
அந்தப் பக்கம் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சூடு அங்கிருந்துதான். அந்தக் கம்பி, அதை மூடும் ரப்பர் பூட், பேட் செட், டாட் 4 எல்லாம் மாற்றுங்கள். டிஸ்க்கின் தடிமனையும் அளங்கள். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுக்காதீர்கள், அதே அளவில் புதிது வாங்குங்கள்.

மலைவண்டி:
சரி, இதைச் செய்துவிட்டு அரை லோடில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அப்போதும் பெடல் உள்ளே போனால் இங்கேயே வந்து எழுதுங்கள். பெரிய டிஸ்க் பேச்சை நான் விடவில்லை.