மிட்டாய் பாக்கெட்ல எதைப் பார்க்கணும்: சாயமா, சர்க்கரையா?

கயல்விழி:
பொண்ணோட வகுப்புல பிறந்தநாள்னு ஒரு ஜெல்லி மிட்டாய் பாக்கெட் கொடுத்திருக்காங்க. பின்னாடி எழுதியிருக்கறது: சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், ஜெலட்டின், ஐஎன்எஸ் (உணவுல சேர்க்கற பொருட்களுக்கான சர்வதேச எண்) 330, 102, 127. இந்த 127 எரித்ரோசின்ங்கற சிவப்புச் சாயம். உணவுல இதைச் சேர்க்கறதுக்கான அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில ரத்து பண்ணிடுச்சு, நம்ம நாட்டுல இன்னும் அனுமதி இருக்கு. எண் போட்ட எதையும் இனி வீட்டுக்குள்ள விடறதா இல்லை.

செந்தில்_சேலம்:
எண்ணைப் பார்த்து ஒதுக்கினா நல்லதும் சேர்ந்து போயிடுங்க. 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில இருக்கறது. 100 மஞ்சள்ல இருக்கற குர்குமின். 440 பழத்துல இருக்கற பெக்டின்.

127 பத்தியும் முழுசாச் சொல்லணும். அமெரிக்கா ரத்து பண்ணக் காரணமான புற்றுநோய்க் கட்டி வந்தது ஆண் எலிகளுக்கு. எலிக்கு அது வர்ற விதம் மனுஷங்களுக்குப் பொருந்தாதுன்னு தடை போட்ட துறையே சொல்லியிருக்கு. ஆனா மனுஷனுக்கோ விலங்குக்கோ புற்றுநோய் தர்றதா தெரிஞ்சா அனுமதி கிடையாதுங்கறது சாயங்களுக்கு அங்க 1960ல வந்த சட்டப் பிரிவு. அதனால ரத்து.

உங்க பட்டியல்ல முதல் ரெண்டு பொருளைப் பாருங்க, ரெண்டும் சர்க்கரை வகைதான். எடை அதிகமானதுதான் முதல்ல வரும்.

கயல்விழி:
அனுமதி, அளவுன்னு பேசிட்டேதான் 2024 பிப்ரவரியில பஞ்சுமிட்டாய்ல ரோடமின் பி இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. புதுச்சேரி தடை பண்ணுச்சு, அடுத்து தமிழ்நாடு. அதுவரை எத்தனை குழந்தைங்க சாப்பிட்டிருக்கும்?

செந்தில்_சேலம்:
ரோடமின் பி துணிக்குப் போடற சாயம், உணவுல எந்த அளவும் அனுமதி இல்லை. அதை யாரும் பட்டியல்ல எழுத மாட்டாங்க. அதைப் பிடிக்க ஆய்வகச் சோதனைதான் வேணும். லேபிள் படிச்சு நீங்க ஒதுக்கறதுல அது சிக்கவே சிக்காது.

மருதன்:
ரெண்டு பேரும் ஏன் அல்லாடறீங்க? கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்க. கடலை, வெல்லம், அவ்வளவுதான்.

செந்தில்_சேலம்:
கடலையால புரதம் கிடைக்கும், ஒத்துக்கறேன். ஆனா வெல்லம் உடம்புக்குள்ள போனா சர்க்கரைதான் அண்ணே. பல்லுல ஒட்டினா சொத்தையும் அதே மாதிரிதான். "நாட்டுச்சர்க்கரை"னு போட்டிருக்கேன்னு ரெண்டு மடங்கு கொடுக்கறவங்களைப் பார்த்திருக்கேன்.

கயல்விழி:
நான் கேக்கறது வேற. சர்க்கரை இல்லாட்டி அது மிட்டாயே இல்லை, அது தெரிஞ்சேதான் கொடுக்கறோம். சாயம் எதுக்கு? ருசியும் இல்லை, சத்தும் இல்லை, குழந்தை கண்ணை இழுக்க மட்டும்தான். 102 டார்ட்ரசின். இது இருந்தா குழந்தைகளோட நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம்னு ஐரோப்பாவுல 2010லேர்ந்து பாக்கெட்லயே எச்சரிக்கை போடணும். பிரயோஜனமே இல்லாத பொருளுக்காக நான் ஏன் துளி ஆபத்தையாவது ஏத்துக்கணும்?

செந்தில்_சேலம்:
அந்தக் கேள்வி நியாயம். சாயம் இல்லாதது கிடைச்சா அதையே வாங்குங்க. என் பயம் அளவைப் பத்தி. நம்ம நாட்டுல செயற்கைச் சாயத்துக்கு உச்சவரம்பு பொதுவா கிலோவுக்கு 100 மில்லிகிராம். 5 கிராம் மிட்டாய்ல அது அரை மில்லிகிராம், அதுலயே சர்க்கரை 4 கிராமுக்கு மேல கூட இருக்கலாம். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள நிறுத்தினா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. "செயற்கை நிறம் இல்லை"ங்கற வரியைப் பார்த்து நிம்மதியாகி அடுத்த பாக்கெட்டைப் பிரிச்சா?

கயல்விழி:
பிரிக்க மாட்டேன். சாயமும் பார்ப்பேன், சர்க்கரையும் பார்ப்பேன். ஒண்ணைப் பார்க்கணும்னா இன்னொண்ணை விடணும்னு யார் சொன்னா?

செந்தில்_சேலம்:
அப்போ சத்து அட்டவணையில "சேர்க்கப்பட்ட சர்க்கரை" வரியையும் படிங்க. 100 கிராமுக்குப் போட்டிருப்பாங்க, பாக்கெட் எடையை வெச்சுக் கணக்குப் போட்டுக்கணும்.