மகள் படிக்கும் வில்லி காமிக்ஸ்: அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பொங்கோல் அம்மா கேட்டது:

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஒரு வருடமாகக் கைப்பேசியில் கொரிய, ஜப்பானியக் காமிக்ஸ்தான். எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. தரையைத் தொடும் கவுன், சுருள் முடி, முறைக்கும் கண்கள். என்ன கதை என்று கேட்டால், "அம்மா, போன ஜென்மத்தில் அவள் சாதாரணப் பெண். செத்துப்போய், தான் படித்த கதைக்குள்ளேயே வில்லியாகப் பிறந்துவிட்டாள்" என்கிறாள். ஒரு கதை இப்படி இருந்தால் சரி. இவள் படிக்கும் பத்துக் கதையும் இதேதான்.

போன மாதக் கைப்பேசிக் கட்டணத்தில் 38 வெள்ளி (டாலர்) கூடுதலாக வந்தது. அடுத்த பகுதியைத் திறக்கக் 'காயின்' வாங்கினாளாம். திட்டினேன். அவள் அழவில்லை. "உங்களுக்குப் புரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதுதான் உறுத்துகிறது. நான் தஞ்சாவூரில் வளர்ந்தவள். தொடர்கதை வரும் நாளில் பேப்பர்காரர் கட்டைப் பிரிக்கும்வரை பெட்டிக்கடை வாசலில் நின்றவள். கதைமேல் இருக்கும் ஆசை எனக்குத் தெரியும். ஆனால் ஏன் வில்லி? கதாநாயகியாகப் பிறக்க ஆசைப்படக் கூடாதா? படிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கிளமெண்டி பையன்:

ஆன்ட்டி, ஜப்பானிய மொழியில் இந்த வகைக்கு 'அக்குயாக்கு ரெய்ஜோ' என்று பெயர். வில்லியாக வரும் பெரிய வீட்டுப் பெண் என்று அர்த்தம். பெண்களுக்காகச் செய்த காதல் வீடியோ விளையாட்டை 'ஓட்டோமே கேம்' என்பார்கள். 1994-இல் வந்த 'ஆஞ்செலிக்'தான் அதில் முதலாவது. அதில் ரோசாலியா என்று ஒரு போட்டிக்காரி உண்டு, ஆனால் கெட்டவள் இல்லை. நாயகியைக் கொடுமைப்படுத்தி, கடைசியில் எல்லார் முன்னாலும் நிச்சயதார்த்தம் முறிந்து நாடு கடத்தப்படும் வில்லி நிஜ விளையாட்டுகளில் அபூர்வம். அவளைப் பெரிதாக வளர்த்தவர்கள் இணையத்தில் எழுதியவர்கள்தான்.

யார் வேண்டுமானாலும் நாவல் ஏற்றக்கூடிய தளம் ஒன்று ஜப்பானில் 2004 முதல் இருக்கிறது. அதன் பெயருக்கே 'நாவலாசிரியர் ஆகலாம்' என்று பொருள். கத்தரீனா க்ளேஸ் என்ற வில்லியின் கதை 2014-இல் அங்கே தொடங்கியது, 2020-இல் அனிமேயாக, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக வந்தது. முதலில் அதைப் பாருங்கள், சிரித்துக்கொண்டே பார்க்கலாம். கொரியக் கதைகள் கொஞ்சம் கனமாக இருக்கும்.

இரவுப்பணி தாதி:

அக்கா, இதற்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும். எனக்கு 34 வயது. இரவுப்பணி முடிந்து தோபி காட்டில் ரயில் ஏறினால் செங்காங் வருவதற்குள் மூன்று பகுதி படித்துவிடுவேன்.

ஏன் வில்லி என்று கேட்டீர்கள். என் கதையிலிருந்துதான் சொல்ல முடியும். 12 வயதில் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதினேன். மதிப்பெண் குறைவு, உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளை மதிப்பெண்படி பிரிக்கும் பிரிவுகளில் கடைசியான நார்மல் டெக்னிக்கல் கிடைத்தது. அடுத்த வருடத் தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போனபோது ஒரு பெரியம்மா, "உன் பொண்ணு எந்த ஸ்ட்ரீம்?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் முறுக்குத் தட்டை எடுத்து நீட்டினார். பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளியிலும் அப்படித்தான். வகுப்பில் கை தூக்கினால் "முதலில் நோட்டை ஒழுங்காக எழுது" என்பார்கள். இந்தப் பெண் எங்கே போய் முடிவாள் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. (2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.)

இப்போது பெனலோப் எக்கார்ட்டைப் பாருங்கள். 'வில்லன்ஸ் ஆர் டெஸ்டின்ட் டு டை' என்ற கொரியக் கதை, மகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். நம் உலகத்தில் அந்தப் பெண் பணக்கார வீட்டில் ஒதுக்கப்பட்ட பிள்ளை. தான் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டுக்குள் போய் ஒரு டியூக் (பெரிய பிரபு) வீட்டு வளர்ப்பு மகளாகக் கண் விழிக்கிறாள். அங்கேயும் அண்ணன்மார்களுக்கு அவளைப் பிடிக்காது. காலையில் அவளை எழுப்ப வரும் வேலைக்காரி ஊசியால் குத்துகிறாள். ஆண்களின் தலைக்கு மேலே, அவளை எவ்வளவு பிடிக்கும் என்று சதவீதம் மிதக்கிறது. பேச வாய் திறந்தால் எதிரே மூன்று வரிகள் வரும், அதில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். எதைச் சொன்னாலும் உயிருக்கு ஆபத்து போலத்தான் இருக்கும். நான் முதல்முதலாக அதைப் படித்தது பொங்கோல் போகும் ரயிலில், நின்றுகொண்டே. என் நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. வாய் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்ட ஒருத்தி, அந்த மூன்று வரிகளுக்கு நடுவில் உயிரோடு இருக்க வழி தேடுகிறாள். எனக்கு அவளைத் தெரியும் அக்கா.

இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் செய்யும் வேலை. கத்தரீனாவுக்கு எட்டு வயதில் தலையில் அடிபட்டு முன்ஜென்மம் ஞாபகம் வருகிறது. தனக்கு இரண்டே முடிவு, நாடு கடத்தல் இல்லாவிட்டால் சாவு என்று தெரிகிறது. உடனே என்ன செய்கிறாள் தெரியுமா? நாடு கடத்தினாலும் பிழைக்க வேண்டுமே என்று மாயவித்தையைப் பழகுகிறாள். வெட்ட வந்தால் தடுக்க வாள் பயில்கிறாள். மண்ணோடு பேசினால் மாயசக்தி வளரும் என்று மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்குகிறாள். இளவரசனுக்குப் பாம்பு பிடிக்காது என்று தெரிந்து, தேவைப்பட்டால் எறியலாம் என்று பொம்மைப் பாம்பு செய்து வைத்துக்கொள்கிறாள். பெரிய வீட்டுப் பெண் தலையில் துணி கட்டிக்கொண்டு காய்கறி போடுகிறாள்! மற்ற கதைகளில் ஒருத்தி கடை திறப்பாள், ஒருத்தி வீட்டுக் கணக்கைக் கையில் எடுப்பாள். நானும் ஐடிஇ என்ற தொழிற்கல்விக் கழகத்தில் சேர்ந்து ஊசி போடவும், புண் கட்டவும், படுத்திருப்பவரை வலிக்காமல் புரட்டவும் ஒவ்வொன்றாகத்தான் கற்றேன்.

காதலும் அப்படித்தான் வரும். ஊர் சொல்லும் கதையை ஒதுக்கிவிட்டு, எதிரே நிற்பவளைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும் ஒருவன். அதைத் தொலைபேசியில் படிக்கும் விதமும் ஒரு காரணம். பக்கம் திருப்ப வேண்டியதில்லை, கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிறகு திரை முழுக்க வெறும் வெள்ளை வரும். தள்ளுவோம், இன்னும் வெள்ளை. அப்புறம் அவள் முகம். அந்த வெள்ளையில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எல்லாக் கதையும் நல்ல கதை என்று சொல்ல மாட்டேன். வில்லியை நல்லவளாக்க, பழைய கதாநாயகியை நயவஞ்சகியாக்கிவிடும் கதைகள் எனக்குப் பிடிக்காது, அது பழியை இன்னொரு பெண் தலையில் மாற்றி வைப்பது. மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும் டியூக்கைக் காதலன் என்று காட்டுவதும் உண்டு. அதைப் பற்றி மகளோடு பேசுங்கள். பணத்துக்கு மாதம் 10 வெள்ளி என்று ஒரு வரம்பு வையுங்கள். பல செயலிகளில் ஒரு நாள் காத்திருந்தால் அடுத்த பகுதி இலவசமாகத் திறக்கும்.

தோ பாயோ தமிழாசிரியர்:

அம்மா, நம் மணிமேகலையும் முன்பிறவி தெரிந்துகொண்டவள்தானே. மணிபல்லவத் தீவில் புத்தபீடிகையைத் தொழுததும் அவளுக்குப் பழம்பிறப்பு தெரிகிறது. போன பிறவியில் அவள் பெயர் இலக்குமி, கணவன் இராகுலன் திட்டிவிடம் என்ற பாம்பால் இறந்தவன். அவனே இப்போது தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமாரன் என்றும் அறிகிறாள். அவனிடமிருந்து ஒதுங்கக் காயசண்டிகை என்ற இன்னொருத்தியின் உருவம் எடுக்கிறாள். அந்த உருவத்தாலேயே, காயசண்டிகையின் கணவன் கையால் உதயகுமாரன் வெட்டுப்பட்டுச் சாகிறான். முன்பிறவி தெரிந்தும் அவளால் அதைத் தடுக்க முடியவில்லை. அவள் போன வழி துறவு. உங்கள் மகள் படிக்கும் பெண்கள் வீட்டிலேயே இருந்து சண்டை போடுகிறார்கள் போலிருக்கிறது. 31 வருடம் பாடம் நடத்தியவன் நான். இந்த ஒப்பீட்டை ஒரு மாணவி எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மகளிடம் மணிமேகலை கதையைச் சொல்லிப் பாருங்கள்.

பொங்கோல் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. தாதித் தங்கச்சி, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். நேற்று இரவு சாப்பாடு முடிந்ததும், "அந்த ஊசி குத்தும் வேலைக்காரியைக் காட்டு" என்று மகளிடம் கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கண்ணை அகல விரித்தாள். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பகுதியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தோம். பெனலோப்பின் கையைக் கிட்டத்தில் காட்டும் படத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. "இந்த இடத்தில் எனக்கு எப்பவும் கோபம் வரும்மா" என்றாள். யார்மேல் என்று கேட்டேன். "பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறவங்க மேல" என்றாள்.

பள்ளியில் ஏதாவது நடக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. வாரக் கடைசியில் கேட்பேன். மணிமேகலை கதையைப் பாதி சொல்லியிருக்கிறேன், காயசண்டிகை வரை. வேலைக்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று ஒப்பந்தம், நாளை இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அடுத்தது.