வரும் ஞாயிறு ஒசாகா கிளம்புகிறேன்: பெங்களூரில் கம்மி விலை ஜப்பான் சாப்பாட்டுக் கடை எங்கே?

ஈரோட்டுப் பொண்ணு (மாரத்தஹள்ளி):
ஆபீஸில் திடீரென்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட், ஒசாகாவில் ஒரு வருஷம். வீட்டுக்காரரும் பையனும் விசா வந்த பிறகுதான் வருவார்கள். முதல் சம்பளம் மாதக் கடைசியில், அதுவரை கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஜப்பான் சாப்பாட்டை வாயில் வைத்ததே இல்லை. இந்திராநகரில் ஒரு ஓட்டலில் மெனுவைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இங்கே சின்னக் கடை, வண்டிக்கடை ஏதாவது இருக்கிறதா? போவதற்குள் நாக்கைக் கொஞ்சம் பழக்கிக்கொள்ள வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், தூக்கமே வரவில்லை.

மத்திகரே மூர்த்தி:
பழகுவதாவது! நான் நகோயா போனபோது யார் பழக்கி அனுப்பினார்கள்? நடுக்குளிரில் போய் இறங்கினேன். இங்கிருந்து தூக்கிப்போன இண்டக்‌ஷன் அடுப்புக்கு அங்கே உயிரே வரவில்லை, ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட்தான். முதல் குளிர்காலம் முழுக்க பிரெட்டும் பருப்புப்பொடியும். ஊறுகாய் கட்டுங்கள், பொடி கட்டுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

பி.டி.எம். பேச்சிலர்:
அக்கா, அண்ணா சொல்வதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். எங்கள் ஏரியாவில் மோமோ வண்டி வரிசையில் சாயங்காலம் ஒரு பையன் ராமென், அதாவது ஜப்பான் சூப் நூடுல்ஸ் போடுகிறான். வெஜ் 150 ரூபாய், முட்டை போட்டால் 170. செம டேஸ்ட், நல்ல காரம்.

வில்சன் கார்டன் வாசு:
தம்பி, அந்த வண்டியா? பின்பக்கம் நின்று பார்த்திருக்கிறாயா? சிவப்பு மிளகாய் சாஸ், வினிகர், இரண்டு ஸ்பூன் மசாலாப் பொடி, மேலே துருவிய கேரட். "வெஜ்" என்று கேட்ட பெண்ணுக்கும் சிக்கன் ஸ்டாக் கொதித்த அதே பாத்திரத்திலிருந்துதான் ஊற்றினான். அதைத் தின்றுவிட்டு ஒசாகா போனால் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. காசு போனாலும் ஒருதடவை நல்ல ஓட்டலிலேயே சாப்பிடுங்கள் மேடம்.

மத்திகரே மூர்த்தி:
நல்ல ஓட்டல் என்றால் ஆளுக்கு ஆயிரம். அவர் கையில் காசு இல்லை என்றுதானே எழுதியிருக்கிறார்?

பி.டி.எம். பேச்சிலர்:
இந்த ஊரில் எதுதான் சார் கம்மி? வீட்டு அட்வான்ஸ் கேட்டால் மயக்கமே வருகிறது. காலி பண்ணினால் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வில்சன் கார்டன் வாசு:
தண்ணீர் டேங்கர் காசை மறந்துவிட்டாய். அதுவும் சில்க் போர்டு ட்ராஃபிக்கைத் தாண்டி வீட்டுக்கு வந்து குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தால்...

ஜெயநகர் சாந்தி:
வீட்டு ஓனர் புராணத்துக்கு வேறு இழை போடுங்கப்பா. தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லும்மா: நீ சைவமா? அதைச் சொல்லாமல் இவர்கள் சொல்வதில் ஒன்றும் உதவாது.

ஈரோட்டுப் பொண்ணு:
முட்டை சாப்பிடுவேன் அக்கா. மீன், கறி எதுவும் கிடையாது.

ஜெயநகர் சாந்தி:
சரி, அப்படியானால் நாக்கைவிடக் கண்ணைத்தான் பழக்க வேண்டும். ஒசாகாவில் சில வருஷம் இருந்தேன். அங்கே மேலே போடுகிற காயைப் பார்த்து சைவம் என்று நினைக்கக் கூடாது, கீழே இருக்கிற சாற்றைக் கேட்க வேண்டும். தாஷி என்கிற அந்தச் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி, அதாவது காயவைத்துச் சீவிய சூரை வகை மீனில் காய்ச்சியது. உடான் (தடித்த கோதுமை நூடுல்ஸ்), சோபா (பக்வீட் மாவு நூடுல்ஸ்), மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுது சூப்) எல்லாவற்றிலும் இருக்கும். ஒசாகாவின் பெயர்பெற்ற கித்சுனே உடானில் மேலே இருப்பது இனிப்பு டோஃபு, அதாவது சோயா பனீர்தான், சாறு மட்டும் மீன் சாறு. தகோயாகி என்கிற உருண்டைக்குள் இருப்பது ஆக்டோபஸ். ஒகோனோமியாகி முட்டைகோஸ் அடை மாதிரி ஆசைகாட்டும், மாவிலேயே தாஷி கலப்பார்கள், மேலே மீன் சீவலும் தூவுவார்கள்.

கடைக்குள் நடந்துகொள்ளும் முறைக்குப் பயப்படாதே. ஸ்டேஷனில் நின்றபடி சாப்பிடும் சோபா கடைகள் உண்டு, நம் பெங்களூர் தர்ஷினி ஓட்டல் போலத்தான்: முதலில் காசு, கையில் சீட்டு, சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் வைப்பது. சீட்டை மெஷினில் எடுக்க வேண்டும். சில மெஷின் கார்டு எடுக்காது, அதனால் 1000 யென் நோட்டு வைத்துக்கொள். டிப்ஸ் கிடையாது, தண்ணீர் இலவசம்.

உனக்கு ஒத்துவருவது: உடான் கடையில் சாறில்லாமல் வெறும் நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாள், முட்டை. சில கடைகளில் மேஜை மேல் இருக்கும் சோயா சாஸிலும் தாஷி கலந்திருக்கும், அதனால் சின்ன பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். கம்மி விலையில் வயிறு நிறையும். கோகோ இச்சிபான்யா என்கிற ஓட்டலின் பல கிளைகளில் காய்கறிக் குழம்பு ஊற்றிய சைவச் சோறு உண்டு, காரத்தின் அளவை நாமே சொல்லலாம், ஆனால் விலை கொஞ்சம் கூட. சூப்பர் மார்க்கெட்டில் டோஃபு மலிவு, இரவில் பாதி விலை ஸ்டிக்கரும் ஒட்டுவார்கள். எதை எடுத்தாலும் போன் கேமராவில் லேபிளை மொழிபெயர்த்துப் பார்.

மளிகைக்கு கோபே போய்விடு, ரயிலில் அரை மணி நேரம்தான். அங்கே இந்தியர்கள் ரொம்ப காலமாக இருக்கிறார்கள், ஜைனக் கோயிலே உண்டு.

ஈரோட்டுப் பொண்ணு:
அக்கா, இப்போதுதான் மூச்சு வருகிறது. கறிவேப்பிலையும் கொஞ்சம் அரிசியும் எடுத்துப் போகலாமா?

ஜெயநகர் சாந்தி:
இரண்டும் வேண்டாம். விமான நிலையத்திலேயே செடி, தானியத்துக்கெல்லாம் பரிசோதனை உண்டு, சான்றிதழ் கேட்பார்கள். பொடிகள், ஊறுகாய் போதும். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதே, எண்ணெய் என்று இங்கேயே நிறுத்துவார்கள். மூர்த்தி சார் சொன்னதில் ஒன்று சரி: அடுப்பு, மிக்ஸி எதையும் தூக்கிப்போகாதே, ரைஸ் குக்கரை அங்கேயே பழைய பொருள் கடையில் வாங்கிக்கொள்.