நடு பட்டன் வேலை செய்கிறது, வால்யூம் பட்டன் மட்டும் ஏன் இல்லை?

செவிப்பொறி:
ஐபோனுக்கென்று வந்த 3.5 மி.மீ. ஹெட்செட்டை ஆண்ட்ராய்டில் செருகினால் நடு பட்டனுக்குப் பாட்டு நிற்கும், ஓடும். வால்யூம் மட்டும் அசையாது. ஹெட்செட் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். ஹெட்செட்டின் செருகு பின்னில் மூன்று கறுப்புக் கோடு இருந்தால் வயரிங் எல்லாம் ஒன்றுதான். பட்டனை மாற்றியமைக்கும் ஆப் ஒன்று போட்டால் தீர்ந்தது.

ஓம்விதி:
கெடவில்லை என்பது சரி. மற்ற இரண்டும் தவறு. ஆண்ட்ராய்டு போன் எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்பதை மைக் கம்பியின் ரெசிஸ்டன்ஸை (மின்தடையை) வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நடு பட்டன் 0 ஓம், வால்யூம் கூட்ட 240, குறைக்க 470, குரல் உதவிக்கு 135. ஆப்பிள் ரிமோட்டிலும் நடு பட்டன் மைக் கம்பியைக் கிரவுண்ட் என்ற பொதுக் கம்பியோடு நேராகச் சேர்க்கிறது (ஷார்ட்), அதனால் அது எங்கும் ஓடும். வால்யூம் பட்டன்களுக்கு உள்ளே ஒரு சிப் இருக்கிறது. அது அனுப்பும் சிக்னல் ஆண்ட்ராய்டுக்குப் புரியாது. போனுக்கு வந்தே சேராத அழுத்தத்தை எந்த ஆப் மாற்றியமைக்கும்?

செவிப்பொறி:
நடு பட்டனை இரண்டு, மூன்று முறை தட்டினால் வால்யூம் மாறும்படி ஆப்பில் வைக்கலாமே.

ஓம்விதி:
வைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கமாக இரண்டு தட்டு அடுத்த பாட்டு, மூன்று தட்டு முந்தைய பாட்டு. அந்த வசதி போய்விடும்.

வயரிங் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பின்னில் கம்பிகளை வரிசைப்படுத்த இரண்டு முறை உண்டு. சிடிஐஏ (CTIA) முறையில் முனையிலிருந்து இடது, வலது, கிரவுண்ட், மைக். பழைய ஓஎம்டிபி (OMTP) முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். இரண்டிலும் மூன்று கறுப்புக் கோடுதான்! ஒரு முறை ஹெட்செட்டை மற்ற முறை போனில் செருகினால் இசை கேட்கும், பாடகர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விடும். நடு பட்டனை அழுத்திப் பிடியுங்கள்: குரல் திரும்பினால் இதுதான் காரணம். மைக்கையும் கிரவுண்டையும் இடம் மாற்றித் தரும் சின்ன அடாப்டர் போதும்.

டைப்சி:
இந்தத் தலைவலியே வேண்டாம், யுஎஸ்பி-சி ஹெட்செட்டுக்கு மாறுங்கள். பட்டன் கட்டளை டிஜிட்டலாகப் போகும், ரெசிஸ்டன்ஸ் கணக்கே கிடையாது.

ஓம்விதி:
உள்ளே டாக் (DAC) சிப், அதாவது டிஜிட்டலை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் சிப், இருந்தால் மட்டும். சிப் இல்லாத வகை அதே அனலாக் சிக்னலைத்தான் யுஎஸ்பி-சி பின்களில் அனுப்புகிறது. அனலாக் வசதி இல்லாத போனில் அதைச் செருகினால் பட்டன் மட்டுமல்ல, சத்தமே வராது. வாங்கும்போது டாக் உண்டா என்று கேளுங்கள்.

செவிப்பொறி:
சரி, வயரிங்கில் நான் சொன்னது தப்பு. ஆனால் அடாப்டர் தேடுவதற்கு முன் ஜாக்கைப் பாருங்கள். அடியில் பஞ்சு அடைந்தாலோ, கவர் தடிமனாக இருந்தாலோ பின் முழுதாக உட்காராது. இரண்டு கோடு மட்டுமுள்ள எக்ஸ்டென்ஷன் கேபிளும் மைக்கைக் கிரவுண்டோடு சேர்த்து, எல்லாப் பட்டனையும் முடக்கிவிடும்.

ஓம்விதி:
ஆமாம், முதலில் அதுதான். போனை அணைத்துவிட்டு மரக் குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். அப்புறமும் சந்தேகமென்றால் ஹெட்செட்டைக் கழற்றி, பின்னின் கடைசி இரண்டு வளையங்களில் மல்டிமீட்டர் வையுங்கள். சும்மா இருக்கையில் 1,000 ஓமுக்கு மேலும், வால்யூம் பட்டன்களை அழுத்தினால் 240, 470-க்குப் பக்கத்திலும் காட்டினால் அது ஆண்ட்ராய்டு வகை. நடு பட்டனுக்கு மட்டும் முள் 0-க்கு இறங்கி, மற்ற இரண்டுக்கும் அசையாவிட்டால் ஆப்பிள் வகை.