கறிவேப்பிலைச் சாடியும் ஏப்ரல் பனியும்

குடும்பக் குழு – ரொறன்ரோ, நயாகரா

மார்ச் 18

சித்தி, காலை 8:10
அனைவருக்கும் காலை வணக்கம். நேற்று ஸ்காபரோவில் 19 பாகை வரை வெயில் ஏறியதால், ஐந்து மாதமாக யன்னலோரம் நின்ற கறிவேப்பிலைச் சாடியைப் பின்வளவில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு மணி நேர வெயிலிலேயே இலைகள் பளபளத்ததைப் பார்க்க மனம் நிறைந்தது. மிளகாய், கத்தரி நாற்றுகளையும் இந்த வாரமே வெளியே நடலாமா?

அண்ணா, காலை 8:24
எங்கள் வீட்டு வாசல் மேப்பிளிலும் மொட்டுகள் சிவந்து பருத்துவிட்டன, சித்தி. வாகனத்தின் குளிர்கால ரயர்களைச் சனிக்கிழமை கழற்றுவதற்குக் கராஜில் சொல்லி வைத்திருக்கிறேன். இனிமேல் பனி கொட்டுவது அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

பெரியப்பா, காலை 8:51
ரயரைச் சற்றுப் பொறுத்துக் கழற்று, தம்பி. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 1981 முதல் 2010 வரை அளந்த 30 ஆண்டுச் சராசரிப்படி மார்ச் மாதத்துக்கு ஏறத்தாழ 18 சென்ரிமீற்றரும், ஏப்ரல் மாதத்துக்கு நாலரை சென்ரிமீற்றரும் பனி உண்டு. மே மாதத்துக்குத்தான் அது பூச்சியம். ஆகவே அபூர்வம் என்ற சொல்லை மே மாதப் பனிக்கு வைத்துக்கொள்வோம். காலையில் 7 பாகைக்குக் கீழே இருக்கும் நாட்கள் தீரும்வரை குளிர்கால ரயர்தான் வீதியைப் பிடிக்கும்.

நான், காலை 9:05
2018ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 14ஆம் திகதி கோவிலுக்கென்று பட்டு உடுத்திப் புறப்பட்ட நாங்கள், கைபிடியில் விரல் தடிப்புக்கு உறைந்திருந்த பனிக்கட்டியால் வாகனக் கதவைத் திறக்க முடியாமல் வீட்டுக்குள் திரும்பி, சாமி அறையிலேயே கைவிசேடம் வாங்கினோம். அந்த வார இறுதி முழுவதும் உறைமழையும் பனிக்கட்டித் துகள்களும் பெய்தன. சி.என். கோபுரத்திலிருந்து விழுந்த பனிக்கட்டி பக்கத்து விளையாட்டரங்கின் கூரையைத் துளைத்ததால், 16ஆம் திகதி நடக்கவிருந்த பேஸ்போல் ஆட்டத்தையும் தள்ளி வைத்தார்கள்.

தங்கை, காலை 9:12
2020இல் மே மாதத்திலேயே, அன்னையர் தினத்தை ஒட்டிய வார இறுதியில், பனித் துகள்கள் பறந்ததை நான் யன்னலில் நின்று பார்த்தேன். பெரியப்பா, அப்படிப் பிந்தி வரும் பனிதான் பழ மரங்களைக் கெடுக்கிறதா?

பெரியப்பா, காலை 9:40
கெடுப்பது வானத்திலிருந்து விழும் பனி அல்ல, பிள்ளை. ஊரில் விடியற்காலையில் புல்லில் நிற்கும் ஈரத்தையும் பனி என்றோம், மாசியில் வயலை மூடும் புகாரையும் பனி என்றோம். இங்கே வந்த பிறகு, கொட்டும் வெண்பனியையும் இரவில் இலைமேல் படியும் உறைபனியையும் அந்த ஒரே சொல்லால் அழைத்துக் குழம்பிக்கொள்கிறோம். இளவேனிலில் வெண்பனி கொட்டும்போது வானம் முகிலால் மூடியிருப்பதால், வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். முகிலும் இல்லாமல் காற்றும் அசையாமல் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் இரவில்தான், நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, விடிவதற்குள் பூச்சியத்துக்குக் கீழே மூன்று நான்கு பாகை இறங்கிவிடும். உறங்கும் மொட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தை மாதத்தில் அதைவிட எவ்வளவோ கடும் குளிரை அது தாங்கியிருக்கிறது. ஆனால் விரிந்துவிட்ட ஆப்பிள் பூக்களில் -2 பாகையில் பத்தில் ஒன்றும், -4 பாகையில் பத்தில் ஒன்பதும் செத்துவிடும். எனவே மார்ச் மாதம் இப்படிச் சுடும்போது மற்றவர்கள் மகிழ்கிறார்கள், எனக்கோ நெஞ்சு பதைக்கிறது.

அண்ணா, காலை 9:46
2012ஐ மனத்தில் வைத்துத்தானே சொல்கிறீர்கள்?

பெரியப்பா, காலை 10:15
ஆம். அந்த மார்ச்சில் பல நாட்கள் தொடர்ந்து 20 பாகையைத் தாண்டியது. மேப்பிள் மரச் சாற்றைப் பாணியாகக் காய்ச்சுவோருக்கு இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்கள் வேண்டும். அவை கிடைக்காததால் அவர்களின் பருவம் பாதியில் முடிந்தது. மே மாதம் பூக்க வேண்டிய ஆப்பிள் ஏப்ரலிலேயே பூத்து நின்றது. மாத இறுதியில் இரவுகள் உறையத் தொடங்கின. நான் அப்போது வேலை செய்த தோட்டத்தில், தரையிலிருந்து 10, 15 மீற்றர் உயரத்தில் தங்கியிருக்கும் இளஞ்சூட்டுக் காற்றைக் கீழே இறக்குவதற்காகப் பெரிய காற்றாடிகளை இரவு முழுவதும் ஓட விட்டு, நாங்கள் மரங்களுக்கு நடுவே வெப்பமானியும் கைவிளக்குமாக நடந்துகொண்டிருந்தோம்.

விடிந்ததும் பார்த்தால் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. தப்பிவிட்டோம் என்றே நான் எண்ணினேன். முதலாளி ஒன்றும் பேசாமல் ஒரு பூவைக் கிள்ளிப் பிளேடால் நெடுக்கே பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். இதழ்கள் பால் போல இருக்க, நடுவிலிருந்த, காயாக வேண்டிய சூலகம் மட்டும் கருகியிருந்தது. பத்துப் பூக்களைப் பிளந்தோம், பத்திலும் அப்படித்தான். அந்த ஆண்டு ஒன்ராறியோவின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும், அமெரிக்காவின் மிச்சிகனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கும் போயிற்று. செப்ரெம்பரில் பறிப்பதற்குப் பழம் இல்லாததால் எங்களில் பலருக்கு வேலையும் இல்லாமல் போயிற்று.

சித்தி, காலை 10:22
வாசிக்கவே மனம் கனக்கிறது, அத்தான். அப்படியென்றால் ஏரியோரமாகிய உங்கள் நயாகராப் பக்கத்தில் எப்படி இவ்வளவு பீச்சும் திராட்சையும் நிற்கின்றன?

பெரியப்பா, காலை 10:30
அந்த ஏரியால்தான் நிற்கின்றன. குளிர்காலம் முழுவதும் குளிர்ந்த ஒன்ராறியோ ஏரி சூடேறப் பல வாரங்கள் எடுப்பதால், கரையோரக் காற்றும் இளவேனிலில் குளிர்ந்தே இருந்து, உறைபனிக் காலம் ஓயும்வரை மொட்டுகளை விரிய விடாமல் பிடித்து வைக்கிறது. இந்த வாரம் போலத் தெற்கிலிருந்து சூடு அள்ளிக்கொண்டு வந்தால் ஏரியாலும் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. கறிவேப்பிலை 10 பாகைக்குக் கீழே போனாலே இலை உதிர்க்கத் தொடங்கும். நீர் இன்று மாலையே சாடியை உள்ளே எடும். மிளகாயையும் கத்தரியையும் மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்ரோரியா தினம் கழியும்வரை வெளியே நட வேண்டாம்.

சித்தி, மாலை 6:48
சாடி மீண்டும் யன்னலோரம் வந்துவிட்டது.

ஏப்ரல் 11

சித்தி, காலை 7:05
எழுந்து திரையை விலக்கினால் பின்வளவு முழுவதும் வெள்ளை. சாடி நின்ற இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. இலையுதிர்காலத்தில் புதைத்த உள்ளிப் பூண்டின் தளிர்கள் மட்டும் பனிக்கு மேலே பச்சையாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

அண்ணா, காலை 7:18
பூண்டு தாங்கும், சித்தி. பெரியப்பா, ரயரைக் கழற்றாமல் பொறுக்கச் சொன்னதற்கு நன்றி. 401 நெடுஞ்சாலையில் இன்று எல்லோரும் ஊர்ந்துதான் போகிறார்கள்.

தங்கை, காலை 7:31
எனக்கு ரொறன்ரோவின் ஹை பார்க் பூங்காவிலுள்ள செர்ரி மரங்களைப் பற்றித்தான் கவலை. ரோக்கியோ மக்களின் அன்பளிப்பாக 1959இல்தான் அங்கே முதல் செர்ரி மரங்களை நட்டார்கள். 2016இல் இளவேனிலின் தொடக்கத்துக் குளிர் மொட்டுகளைக் கெடுத்துவிட்டதால், நாங்கள் போனபோது ஒரு கிளையில் நாலைந்து பூக்கள் மட்டுமே இருந்தன. அம்மம்மா கொழும்பிலிருந்து வந்திருந்த ஆண்டு அது. மறுபடி அவரால் வர முடியவில்லை.

பெரியப்பா, காலை 7:50
இன்று முகில் மூடியிருக்கிறது, மொட்டுகளும் இன்னும் இறுக்கமாகவே இருக்கின்றன. இந்தப் பனி கரைந்து வேருக்கு நீராகும். பூ விரிந்த பிறகு வரும் தெளிந்த இரவுகளுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

ஏப்ரல் 27

பெரியப்பா, காலை 6:20
இரவு இரண்டு மணியிலிருந்து காற்றாடிகள் ஓடின. தாழ்ந்த பக்கத்து வரிசைகளில் வெப்பமானி -2.5 காட்டியது. விடிந்ததும் பத்துப் பூக்களைப் பிளந்து பார்த்தேன். மூன்றின் நடுப்பகுதி கறுத்திருக்கிறது, ஏழு பச்சையாக இருக்கின்றன. பூத்ததில் சிறு பங்கு காயானாலே மரத்துக்குப் போதும் என்பதால், இதுவரை விளைச்சல் கையில் இருக்கிறது. இன்றிரவும் வானம் தெளிவாக இருக்கும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. நான் பகலில் உறங்கப் போகிறேன், மாலை வரை அழைக்க வேண்டாம்.

சித்தி, காலை 6:34
உறங்குங்கள், அத்தான். மாலையில் சாப்பாட்டோடு நாங்கள் புறப்பட்டு வருகிறோம்.