ஒற்றைக்கொம்பனின் முன்னே நிற்பது: ‘அடுக்குத்தண்டு’ எனலாமா?

வணக்கம்.

சிந்துவெளி முத்திரைகளில் ஒற்றைக்கொம்பனின் (ஒற்றைக் கொம்புடன் காட்டப்படும் விலங்கின்) தாடைக்குக் கீழே நிற்கும் பொருளுக்குத் ‘தூபக்கால்’ என்னும் சொல்லைக் கலைச்சொல்லாக நண்பர் முன்மொழிந்திருந்தார். சொல் பழகியது, அழகியது. ஆயினும் ஏற்க மனம் ஒப்பவில்லை. அது வடிவத்தைச் சொல்லாமல், இன்னும் முடிவாகாத பயனைச் சொல்லிவிடுகிறது.

மொகெஞ்சதாரோ மாக்கல் முத்திரை ஒன்றின் பதிவை உற்றுப் பாருங்கள். நேராக நிற்கும் ஒரு தண்டு, அதில் கிண்ணம் போன்ற ஒரு பகுதி, அதற்கு மேலே கட்டம் கட்டமாகவோ நெளிநெளியாகவோ கோடு கீறிய இன்னொரு பகுதி. சிலவற்றில் கிண்ணத்தின் விளிம்பில் சிறு புள்ளிகளும் தெரியும். இதைத் தூபக்கால் என்றவர் உண்டு. தீவனத் தொட்டி என்றவரும் உண்டு. சிந்துவெளி எழுத்தாய்வாளர் ஐராவதம் மகாதேவனோ மேற்பகுதியை வடிகட்டியாகவும் புள்ளிகளைத் துளிகளாகவும் கொண்டு, வேதகாலப் பானமான சோமத்தை வடிக்கும் சடங்கோடு இதனைத் தொடர்புபடுத்தினார். எழுத்தே இன்னும் படிக்கப்படாதபோது, இவற்றுள் ஒன்றைக் கலைச்சொல்லில் பூட்டிவைத்தால், அகராதியைப் புரட்டும் மாணவர் ஊகத்தையே உண்மையென எடுத்துக்கொள்வார். ‘பசுபதி முத்திரை’ என்ற பெயருக்கு நேர்ந்தது இதுதான்: அதில் அமர்ந்திருக்கும் உருவம் சிவனின் முன்வடிவம் எனத் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் 1931இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த கருத்து, இன்று பாடநூலில் பெயராகவே நிலைத்துவிட்டது.

ஆகவே ‘அடுக்குத்தண்டு’ என்பதை முன்வைக்கிறேன். ‘தண்டுக்கலம்’ என்றும் எண்ணிப் பார்த்தேன்; கலம் என்றால் உள்ளே ஏதோ இருந்தது என்றாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். ‘தண்டு’ நமக்குப் பல்லக்குத் தண்டையும் நினைவூட்டும். மொகெஞ்சதாரோ வில்லை ஒன்றில் இப்பொருளையும் ஒற்றைக்கொம்பன் உருவையும் ஊர்வலமாக ஏந்திச் செல்லும் காட்சி இருப்பதால், அந்த நினைவு இங்கே பொருந்தவே செய்கிறது. ‘அடுக்குத்தண்டு ஊர்வலம்’, ‘தந்தத்தால் ஆன அடுக்குத்தண்டு’ (அரப்பாவில் அப்படியொரு சிற்றுரு கிடைத்துள்ளது) எனத் தொடர்களிலும் இடறாமல் வருகிறது.

ஒரு தடை எனக்கே தோன்றுகிறது. கோயிலில் அடுக்குத்தீபம் கண்டு பழகியவருக்கு இது விளக்கோ என்ற எண்ணம் எழலாம். அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அகராதிப் பதிவின் முதல் வரியில் வடிவத்தை விளக்கி, தூபக்கால், தீவனத் தொட்டி, வடிகட்டி ஆகிய மூன்று கருத்துகளையும் அடுத்த வரியில் தந்துவிடலாம். ‘ஈரடுக்கு’ என்று தொடங்குவது இன்னும் துல்லியமா என்பதில் மட்டும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.